மாண்டரின் மீன் மெலிகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழிமுறை

கடல்நீர்த் தொட்டியில் மாண்டரின் வளர்ப்பவர்கள் சொல்லும் புகார்கள் பலவிதம். நிறம் மங்கிவிட்டது, ஒரே மூலையில் கிடக்கிறது, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது, ஆளையே காணோம். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கும்: மீன் பட்டினி கிடக்கிறது. அதனால் மருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன் வயிற்றைப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் காசு கரைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மாண்டரினும் டிராகனெட் என்ற மீன் குடும்பம்தான்; அதன் உறவுகளான புள்ளி மாண்டரின், ஸ்கூட்டர் டிராகனெட் வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம்.

## எல்லாவற்றுக்கும் முன்னால்: வயிறு

வெள்ளை விளக்கில் பாருங்கள். நீல விளக்கில் எல்லா மாண்டரினும் கொழுகொழுவென்றுதான் தெரியும். மீன் தன் அடித்துடுப்புகளை ஊன்றி மணலில் நிற்கும் நேரம் பார்த்து, பக்கவாட்டில் ஒன்று, நேர் எதிரே ஒன்று என இரண்டு படம் எடுங்கள். அடித்துடுப்புக்குச் சற்றுப் பின்னால் உள்ள பகுதிதான் முக்கியம்.

- இரண்டு பக்கமும் வெளியே புடைத்திருந்தால் நல்ல நிலை.
- நேர்கோடாகத் தட்டையாக இருந்தால் எச்சரிக்கை. இன்றே உணவைக் கூட்ட வேண்டும்.
- உள்ளே குழிந்து, முதுகெலும்பு ஓரமாக ஒரு வரம்பு தெரிந்து, உடம்பைவிடத் தலை அகலமாகத் தெரிந்தால் அவசரம். கண்களும் உள்ளே போயிருந்தால் மீண்டு வருவது அபூர்வம்.

வாரம் ஒருமுறை அதே கோணத்தில் படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பாருங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெலிவு தெரியாது.

## அறிகுறி 1: நாள் முழுக்கக் கொத்துகிறது, ஆனாலும் வயிறு ஒட்டிக்கொண்டே போகிறது

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ‘நன்றாகத்தான் சாப்பிடுகிறது’ என்பார்கள். மாண்டரின் வயிறு நிறைந்திருந்தாலும் கொத்தும், காலியாக இருந்தாலும் கொத்தும். பாறைக்கு மேலே அந்தரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் குறிபார்த்து, வாய்க்குழாயைச் சடக்கென்று நீட்டி இழுக்கும். ஐந்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே பாறையைச் சுற்றியே அடிக்கடி கொத்தினால் அங்கே இரை இருக்கிறது. குறிபார்த்துவிட்டுக் கொத்தாமல் நகர்வதும், தொட்டி முழுக்க அலைவதுமாக இருந்தால் இரை தீர்ந்துவிட்டது.

அ. பாறையில் பாட் இல்லை

பாட் என்று நாம் சுருக்கிச் சொல்வது கோப்பிபாட், ஆம்பிபாட் போன்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊரும் சின்ன உயிரினங்களை. இயற்கையில் மாண்டரின் பகல் முழுக்க மேய்வது இவற்றையும், குட்டிப் புழு, சிறு நத்தை, மீன் முட்டை ஆகியவற்றையும்தான்.

சோதனை: விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துக் கண்ணாடியின் கீழ்ப்பகுதியையும் பாறையின் நிழல் பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைப் பொட்டுகள் ஊர்ந்துகொண்டே இருந்தால் சரி. தேடித் தேடி ஒன்றிரண்டுதான் கண்ணில் பட்டால் அந்தத் தொட்டி இந்த மீனுக்குச் சோறு போடாது.

தீர்வு: புட்டியில் வரும் பாட் வாங்கி ஊற்றலாம். ஆனால் அது விதை, சாப்பாடு இல்லை. பசித்த மாண்டரின் ஒன்று ஒரு புட்டியைச் சில நாளில் காலி செய்துவிடும். ஊற்றுவதாக இருந்தால் இரவில், பம்புகளை நிறுத்திவிட்டு, குழாய் வழியாகப் பாறையின் அடியில் இறக்குங்கள். வகையும் முக்கியம். டிஸ்பே பாறையோடு ஒட்டி ஊர்ந்து அங்கேயே பெருகும். டிக்ரியோபஸ் பெரியது, சத்தானது, ஆனால் நீரில் நீந்தி வந்து மற்ற மீன்களின் வாயில் போய்விடும். பெருக்க டிஸ்பே, நேரடித் தீனிக்கு டிக்ரியோபஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆ. பங்காளிகள் அதிகம்

ஆறுகோட்டு ராஸ் என்ற சிறு மீன் உங்கள் தொட்டியில் இருக்கிறதா? சந்தேகமே வேண்டாம், பாட் போவது அதன் வயிற்றுக்குத்தான். மற்ற சிறு ராஸ்கள், பைப்ஃபிஷ், இன்னொரு டிராகனெட் எல்லாமே இதே பாறையில்தான் மேய்கின்றன. தொட்டி 200 லிட்டருக்குக் கீழே என்றால் இவற்றில் ஒன்றுகூட மாண்டரினோடு வேண்டாம். ராஸை வேறு தொட்டிக்கு மாற்றுவது இலவசம்; இந்தப் பட்டியலிலேயே பலன் அதிகம் தரும் வேலையும் அதுதான். மனசு வராததால்தான் பலரும் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள்.

இ. பாட் பெருகவும் தப்பிக்கவும் இடமில்லை

தொட்டி ஆறு மாதத்துக்கும் குறைவானதா? பாறை இன்னும் பழகவில்லை என்று பொருள். எத்தனை லிட்டர் என்பதைவிடப் பாறை எத்தனை பழையது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பழைய தொட்டி என்றால், சம்ப்பில் (பிரதான தொட்டியோடு இணைந்த துணைத்தொட்டி) மாட்டியிருக்கும் ஃபில்டர் சாக்ஸை, அதாவது வடிகட்டும் துணிப்பையை, கழற்றி உதறிப் பாருங்கள். பாட் அங்கே மாட்டிச் செத்துக்கொண்டிருக்கும். சில வாரம் சாக்ஸ் இல்லாமல் ஓட்டலாம். சம்ப்பில் மீன் நுழையாத ஓர் அறையில் கீட்டோ பாசியைச் சுருளாகப் போட்டு, பிரதான தொட்டியின் விளக்கு அணையும் நேரத்தில் அதற்கு விளக்கு எரியவிட்டால் அது ரெஃப்யூஜியம், அதாவது பாட் தப்பிப் பெருகும் அடைக்கலம். சம்ப் இல்லாதவர்கள், குட்டி பாட் மட்டுமே நுழையக்கூடிய இடுக்கு கொண்ட கற்குவியல் ஒன்றைத் தொட்டியின் பின்மூலையில் அமைக்கலாம்.

ஈ. உணவு இறங்குகிறது, சத்து இல்லை

உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்க் குட்டி இறால்) மட்டும் தின்னும் மாண்டரின் மெதுவாக மெலியும். வளர்ந்த ஆர்ட்டீமியா பெரும்பாலும் தண்ணீர்தான். மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரினம்), மீன் முட்டை, உறைந்த கோப்பிபாட் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒமேகா 3 கொழுப்பு கொண்ட திரவ ஊட்டத்தில் கால்மணி நேரம் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. ஒரே வேளையில் நிறையப் போடுவதில் பயனில்லை. சிறிது சிறிதாக ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை. நாள் முழுக்க மேயும் மீனுக்கு அதுதான் ஒத்துவரும்.

உ. குடலில் ஒட்டுண்ணி

மேலே சொன்ன நான்கும் இல்லை. கண்ணெதிரே மைசிஸ் விழுங்குகிறது. இரண்டு மூன்று வாரமாகியும் வயிறு ஏறவில்லை. கழிவு வெள்ளையாக நூல்போலத் தொங்குகிறதா என்று பாருங்கள். கடலில் பிடித்த மீன் என்றால் சந்தேகம் கூடும். நூல் கழிவு வெறும் பட்டினியிலும் வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

இங்கே மருந்துகளைக் கலந்தடிப்பதுதான் ஆபத்து. தட்டைப் புழுவுக்கும் நாடாப் புழுவுக்கும் பிராசிகுவாண்டல்; உருளைப் புழுவுக்கு லெவாமிசோல் அல்லது ஃபென்பெண்டசோல்; ஒற்றைச் செல் கசையுயிரிகளுக்கு மெட்ரோனிடசோல். ஒன்றுக்கு உரியது இன்னொன்றைத் தொடாது. எது என்பதை மைக்ரோஸ்கோப்தான் சொல்லும். ஆகவே இந்தக் கட்டத்தில் நிபுணரிடம் போவதுதான் சரி. புழு மருந்து எதையும் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனுக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் பாறையில் இருக்கும் புழு, பாட் எல்லாம் செத்து, நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

ஊ. பிடிபட்ட விதத்தில் பழுது

பிலிப்பைன்ஸில் மாண்டரின்களை ஊசிமுனை பொருத்திய குட்டி ஈட்டித் துப்பாக்கியால் குத்திப் பிடிக்கும் வழக்கம் ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. வாங்கும்போதே பின்பாதி உடம்பிலும் வால் அடியிலும் சின்ன ஓட்டை அல்லது வெளுத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். சயனைடில் பிடிபட்ட மீனும் சில வாரம் நன்றாகத் தின்றுகொண்டே கரையக்கூடும். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்த மாண்டரின் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள். உறைந்த உணவுக்கும் குருணைக்கும் அது முன்பே பழகியிருக்கும்.

## அறிகுறி 2: புதிதாக வந்தது, உறைந்த உணவைத் தொடவே இல்லை

வயிறு உருண்டையாக, பாறையில் பாட் நிறைய இருந்தால் அவசரமே இல்லை. தானாகப் பழகும், பழகாவிட்டாலும் பிழைக்கும். வயிறு தட்டை என்றால் மட்டும் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

பெரிய தொட்டியில் பழக்குவது நடக்காத காரியம். பிரதான தொட்டிக்குள்ளேயே தொங்கும் வலைப்பெட்டி அல்லது துளையிட்ட அக்ரிலிக் பெட்டியில் மீனை விடுங்கள். ஒரு கையளவு கீட்டோவைப் பாட்டோடு சேர்த்து உள்ளே போட்டால் பழகும்வரை பட்டினி இருக்காது.

முதலில் உயிருள்ள ஆர்ட்டீமியா குஞ்சு. முட்டையை லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்புள்ள நீரில், 28 டிகிரி செல்சியஸில், காற்றும் வெளிச்சமும் நிற்காமல் கொடுத்தால் 24 மணி நேரத்தையொட்டிப் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் திரளும். அவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி, மெல்லிய சல்லடையில் அலசிக் கொடுங்கள். பொரித்த உடனே கொடுப்பதுதான் சிறப்பு. நேரமாக ஆக மஞ்சள்கரு கரைந்துவிடும், அப்புறம் குஞ்சுக்கே ஊட்டம் கொடுத்த பிறகுதான் மீனுக்குப் பயன்படும்.

மீன் இதைத் துரத்தித் தின்னத் தொடங்கியதும் உறைந்த ஆர்ட்டீமியாவையோ மீன் முட்டையையோ சிறிது கலக்குங்கள். உயிருள்ளவை நடுவில் துடிக்க, உறைந்ததையும் சேர்த்துக் கொத்தும். கொத்தித் துப்பினாலும் நல்ல செய்திதான். அளவை மெதுவாக மாற்றுங்கள். மைசிஸ் பெரியது, முதலில் நறுக்கிக் கொடுங்கள். மிஞ்சியதை ஒவ்வொரு முறையும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் நீர் கெடும்.

எப்போது நிறுத்துவது? பெட்டியில் இருந்தும் வயிறு தட்டையிலிருந்து குழிவுக்குப் போகிறது என்றால் பயிற்சியை விட்டுவிட்டு, பாட் செழித்த பழைய தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் மீனைக் கொடுத்துவிடுங்கள். பிடிவாதத்தால் மீன் தேறாது.

## அறிகுறி 3: தின்ன ஆசைப்படுகிறது, கிட்டே போவதற்குள் மற்றவை முடித்துவிடுகின்றன

மாண்டரின் யோசித்து யோசித்துத் தின்னும் மீன். கோமாளி மீனோடும் டாங்கோடும் பந்தியில் உட்கார்ந்தால் அதற்கு இலைதான் மிஞ்சும்.

வாய் சிறுத்த ஒரு கண்ணாடி ஜாடியை மணலில் சாய்த்துப் புதையுங்கள். மேலிருந்து ஒரு விறைப்பான குழாய் அதற்குள் இறங்கட்டும். மற்ற மீன்களுக்கு வழக்கமான உணவை எதிர்மூலையில் போட்டுவிட்டு, பம்பை நிறுத்தி, குழாய் வழியாக மாண்டரினுக்கு உரியதை இறக்குங்கள். ஜாடி எப்போதும் அதே இடத்தில், உணவு எப்போதும் அதே நேரத்தில். மணலில் நடந்து திரியும் இந்த மீன் உள்ளே போய்வரக் கற்றுக்கொள்ளும்; உயரமான மீன்கள் அந்த வாய்க்குள் நுழையாது. இறால் நுழைந்து தொல்லை கொடுத்தால் அதற்கும் முன்கூட்டியே தனியாக ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

பம்பைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க டைமர் வைப்பது நல்லது.

## அறிகுறி 4: மாதக்கணக்கில் கொழுத்திருந்தது, திடீரென மெலிகிறது

மீனைப் பார்க்காதீர்கள், தொட்டியில் கடைசியாக என்ன மாறியது என்று பாருங்கள்.

புது ராஸோ இன்னொரு டிராகனெட்டோ வந்ததா? பாறையை வெளியே எடுத்துத் தேய்த்தீர்களா? கீட்டோவை ஒரே அடியாக அறுவடை செய்தீர்களா? பாதிப் பாறையை மாற்றினீர்களா? எல்லாமே பாட் கூட்டத்தை ஒரே நாளில் சரிக்கும். அக்ரோபோரா பவளத்தில் வரும் சிவப்புப் பூச்சிக்கு மில்பெமைசின் மருந்து போட்டிருந்தால் கேள்வியே இல்லை. அது பூச்சியோடு பாட்டையும் சேர்த்தே கொல்லும்.

இதில் எதுவும் இல்லை என்றால், மேய்ச்சல் மெல்ல மெல்லத் தோற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெருகுவதைவிடத் தின்பது கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் கையிருப்பு இருக்கும்வரை வயிற்றில் தெரியாது.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: தனியாகப் பாட் வளர்ப்பு. மூடியுள்ள வாளியில் தொட்டியின் அதே உப்பளவுள்ள நீர், மெதுவாகக் குமிழி விடும் காற்றுக் குழாய் (நுரைக்கல் வேண்டாம்), நீர் வெளிர்பச்சையாகும் அளவுக்கு உயிருள்ள நுண்பாசி. பச்சை தெளிந்ததும் மீண்டும் கொஞ்சம் ஊற்றவும். அடர்பச்சையாக ஊற்றினால் நீர் கெட்டு எல்லாம் செத்துப்போகும்; வளர்ப்பு கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். கூட்டம் சேர்ந்ததும் நுண்சல்லடையில் வடிகட்டி, வாரம் ஒரு பங்கைத் தொட்டிக்கு அனுப்புங்கள். வாளி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றின் கரண்டியை மற்றதில் போடாதீர்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று காப்பாற்றும்.

## அறிகுறி 5: நிறம் மங்கியிருக்கிறது

இரவிலா, விளக்கு எரிந்த சில நிமிடத்திலா? அது தூக்கக் கோலம். விட்டுவிடுங்கள், தானாகத் திரும்பும்.

பகல் முழுக்க மங்கலாக இருந்தால் மீண்டும் வயிறு. வயிறு நன்றாக இருந்தால் நீர்: அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம், உப்படர்த்தி 1.025-ஐ ஒட்டி, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற உப்பளக்கும் கருவியை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் சரிபார்த்துவிட்டு அளங்கள். விளக்கின் நிறத்தை மாற்றிப் பலனில்லை. பெரும்பாலான மீன்களில் நீலம் ஒளியின் விளையாட்டு, ஆனால் இந்த மீனின் தோலில் இருப்பது உண்மையான நீல நிறமி.

## அறிகுறி 6: வேகமாக மூச்சு வாங்குகிறது, அல்லது உடம்பில் வெள்ளைப் புள்ளி

மற்ற மீன்களும் மூச்சு வாங்குகின்றனவா? அப்படியானால் நீரில் பிராணவாயு குறைவு அல்லது அம்மோனியா. பவர்ஹெட்டை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பு) நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி, அளந்து பார்த்து, நீரை மாற்றுங்கள்.

வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். மாண்டரினுக்குச் செதில் கிடையாது. உடம்பைக் கெட்டியான சளி மூடியிருக்கிறது. அதனால் வெண்புள்ளி நோய் மற்ற மீன்களைவிட இதற்கு அரிதாகவே வரும். அந்தச் சளியில் ஒட்டிய மணலாகவும் இருக்கலாம். மறுநாளும் அதே இடத்தில் இருக்கிறதா, எண்ணிக்கை கூடுகிறதா என்று பாருங்கள்.

மாவு தூவியதுபோல மெல்லிய படலம், கூடவே மூச்சிரைப்பு, பக்கத்து மீன்களுக்கும் அதே நிலை என்றால் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது நாள்கணக்கில் கொல்லும்; அன்றே ஆலோசனை கேளுங்கள். நீங்களாகக் காப்பர் மருந்தில் மாண்டரினை இறக்க வேண்டாம், அது தாங்காது. தனித் தொட்டியில் வைத்தால் பாட் நிறைந்த ஒரு பாறைத்துண்டோ கீட்டோவோ அதோடு போகட்டும். வெறும் கண்ணாடித் தொட்டியில் நோய்க்கு முந்திப் பசி கொன்றுவிடும்.

## அறிகுறி 7: துடுப்பு கிழிந்திருக்கிறது, அல்லது மீனையே காணோம்

முதுகின் முதல் துடுப்பில் நீண்ட கம்பிபோல முள் இருந்தால் ஆண். அப்படி இரண்டு இருந்தால் ஒன்றை இன்றே பிரித்து வையுங்கள். ஒரே ஆண் என்றால், பவர்ஹெட்டின் உறிஞ்சும் வாயையும் நண்டையும் பாருங்கள்.

காணாமல் போனதென்றால் முதலில் தொட்டியைச் சுற்றித் தரையில் தேடுங்கள். மூடியில்லாத தொட்டியிலிருந்து டிராகனெட் குதிப்பதுண்டு. வலைமூடி போட்டால் முடிந்தது. அடுத்து சம்ப். அடுத்து விரிப்புக் கடல்சாமந்தியும் பச்சைப் பிரிட்டில் நட்சத்திரம் என்ற கடலுயிரும். இரண்டுக்கும் மெதுவாக நகரும் மீன் என்றால் விருந்து. ஒன்றும் இல்லையென்றால் காலையில் விளக்கு எரிந்த பிறகு, அறிகுறி 3-இல் சொன்ன உணவு ஜாடியருகே உட்கார்ந்து காத்திருங்கள். பாறையைக் கலைத்துத் தேடுவதில் பாட்டுக்குத்தான் சேதம்.

## நிபுணரை எப்போது அழைப்பது

வயிறு குழிந்தும் இரண்டு நாளாக எதையும் கொத்தவில்லை. நன்றாகத் தின்றும் மூன்று வாரத்தில் ஏறவில்லை. மூச்சிரைப்போடு தோலில் படலம். பிடிபட்டபோது குத்திய ஓட்டை சிவந்து வீங்குகிறது. இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைத் தேடுங்கள். பக்கத்தில் இல்லையென்றால் படமும் காணொளியும் அனுப்பிக் கேட்கலாம்.

போகும்போது வாராவாரம் எடுத்த வயிற்றுப் படங்கள், அன்றைய நீர் அளவுகள், என்ன உணவு எத்தனை முறை, இதுவரை போட்ட மருந்துகள், முடிந்தால் தொட்டிநீரோடு சின்னக் குப்பியில் புதிதாக எடுத்த கழிவு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். கழிவு பழசானால் மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாது; அன்று காலையில் உறிஞ்சியதாக இருக்கட்டும்.

மீனையே கொண்டுபோக வேண்டியிருந்தால் வலையைத் தொடாதீர்கள். செவுளுக்கு முன்னால் கன்னத்தில் ஒரு கொக்கி முள் இருக்கிறது, அது வலையில் சிக்கினால் பிரிப்பதற்குள் சளியும் தோலும் போய்விடும். ஒரு தெளிவான பிளாஸ்டிக் கிண்ணத்தை முன்னால் சாய்த்துப் பிடித்து, பின்னாலிருந்து குழாயால் மெதுவாக ஓட்டுங்கள். தானாக நடந்து உள்ளே போகும். நீரோடு அப்படியே தூக்கி, மூடியுள்ள டப்பாவில் தனியாக விடுங்கள். பயந்தால் நச்சுச் சளி கக்கக்கூடிய மீன் இது, அதனால் அந்த டப்பாவில் வேறு எந்த உயிரையும் சேர்த்துப் போடக்கூடாது.